வெளுத்த பம்பர்

பலவேசத்துக்குக் குரு கிடைத்தபோது அவன் தலை பாதி நரைத்திருந்தது. குருவுக்கோ அவன் மகள் வயது. பெயர் எஸ்தர்.

ஆலங்கரையில் ஓர் அமரர் ஊர்தி வைத்திருந்தாள். ஓட்டுவதும் அவளே, ரிப்பேர் பார்ப்பதும் அவளே. லாரி ஓட்டி முதுகு போன பலவேசம் அவளிடம் உதவிக்கு வந்து சேர்ந்தான். வந்த அன்றைக்கே "மேஸ்திரி" என்று கூப்பிட்டான். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. கொஞ்ச நாளில் கேலி உதிர்ந்துவிட்டது, மேஸ்திரி நிலைத்துவிட்டது. அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

ஆலங்கரையில் சுடுகாட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று பெரிய தெரு, நேரான தார் ரோடு. இன்னொன்று குளத்துக்கரை. அந்தப் பாதையில் உயிரோடு போகிறவனே பாதி செத்துவிடுவான். கீழத்தெருவில் செத்தவர்களெல்லாம் குளத்துக்கரை வழியாகத்தான் போனார்கள். அப்படி எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. சொல்லாமலே பெரிய தெருக்காரர்கள் காலங்காலமாக நடத்திக்கொண்டிருந்தார்கள், அதுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

எஸ்தர் மட்டும் ஒவ்வொரு தடவையும் வண்டியைப் பெரிய தெருவுக்கு விடுவாள். ஒவ்வொரு தடவையும் தெரு முனையில் பெரிய தெருச் சங்கத் தலைவர் தங்கவடிவேல் மறிப்பார். வெளுத்த வேட்டி, முகம் நிறையச் சிரிப்பு.

முதல் தடவை, "வண்டி புகை கக்குதேம்மா. தெருவுல மூச்சு முட்டுற வயசாளிங்க இருக்காங்க" என்றார்.

எஸ்தர் வண்டியைத் திருப்பினாள். அடக்கம் முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பலவேசமும் கூடப் போனான்.

"மறிச்சவர் என்ன சொன்னார்?" என்று அங்கே கேட்டார்கள்.

"புகை வருதுன்னாரு."

"வருதா?"

"வருது."

"அப்போ சரி பண்ணும்மா."

சரி பண்ணினாள். எஞ்சினைக் கழற்றிப் போட்டு மாட்டினாள். அடுத்த தடவை, "சத்தம் காதைப் பிளக்குது" என்றார் தங்கவடிவேல். சைலன்சரை மாற்றினாள். அதற்கடுத்த தடவை, "பூவை இறைச்சுத் தெருவை நாசம் பண்ணுதீங்க" என்றார். வண்டியைச் சுற்றி வலை கட்டினாள். ஓர் இதழ் கீழே விழாது.

இதற்கு நடுவில் பெரிய தெருக்காரர் ஒருவர் காலமானார். வெளியூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. அது விட்ட புகையில் எதிர்வீடு தெரியவில்லை. அது போட்ட சத்தத்தில் செத்தவர் எழுந்து உட்காராததுதான் ஆச்சரியம். தெரு முழுக்கப் பூ. தங்கவடிவேல் அதன் முன்னால் கைகூப்பிக்கொண்டு நடந்தார்.

பலவேசம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"அவரு சொல்லச் சொல்ல நீங்களும் செஞ்சுக்கிட்டே இருக்கீங்களே மேஸ்திரி. பயமா?"

"அந்த ஸ்பேனரை எடுங்க அண்ணாச்சி" என்றாள் எஸ்தர்.

அவனுக்கு அவசரம் இருந்தது. கீழத்தெரு வீட்டில் அவன் அம்மா மாடத்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மாடத்தி இளவயசில் ரோடு வேலைக்குப் போனவள். பெரிய தெருவுக்குத் தார் போட்டதே அவள் செட்டுதான். சாயங்காலம் மகன் வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டாள்.

"ஏல, இன்னைக்கும் மறிச்சானா?"

"மறிச்சான்மா."

"தாரு ஊத்துனப்ப காலுல சாக்கைக் கட்டிக்கிட்டு அந்த ரோட்டுல நடந்தேன். ரோடு முடிஞ்ச பொறவு செருப்புப் போட்டு நடக்க விடல. படுத்துக்கிட்டாவது போயிருதேன்ல."

பலவேசம் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவான்.

நாலாவது தடவை தங்கவடிவேலுக்கே கொஞ்சம் சிரமமாகிவிட்டது. வண்டியைச் சுற்றி வந்தார். மூக்கை உறிஞ்சினார், காதைக் கொடுத்துக் கேட்டார், வலையை இழுத்துப் பார்த்தார். கடைசியில் முன்பக்கம் வந்து நின்றவர் முகம் மலர்ந்தது.

"வண்டி இருக்கிற கோலத்தைப் பாரேன். பம்பரெல்லாம் வெளுத்துப்போய், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. கல்யாண வீடு இருக்கிற தெரும்மா. அவலட்சணமா இருக்குல்லா?"

அதுவும் பொய்யில்லை. வண்டி வெயிலிலேயே நின்று நின்று, பம்பர், சக்கரத்துக்கு மேலே வளைவு, கதவோரப் பட்டை, கண்ணாடி மூடி என்று கறுப்பு பிளாஸ்டிக் அத்தனையும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

எஸ்தர் திருப்பினாள். குளத்துக்கரையில் வண்டி குலுங்கியது. பலவேசம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கம்மா காலுல சாக்கு. இவரு வாயில சாக்கு" என்றான்.

எஸ்தர் திரும்பி அவனைப் பார்த்தாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "நாளைக்குப் பழைய பிரஷ் இருந்தா கொண்டுவாங்க" என்றாள்.

மறுநாள் வண்டியைக் கொட்டகை நிழலுக்குள் நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் வாளி, சோப்பு, துணி.

"பிணம் ஏத்துற வண்டிக்கு மேக்கப்பா மேஸ்திரி?"

"ஆமா."

"இதுக்கு ஏன் இந்தப் பாடு? தேங்காய் எண்ணெயைத் தடவுனா நிமிஷத்துல கறுத்துரும். லாரியில எல்லாம் அப்படித்தான் செய்வோம்."

"தடவுங்க" என்றாள்.

பின் பம்பரில் தடவினான். கண்ணெதிரே கறுத்தது. ஷோரூமில் இருந்து இறக்கின மாதிரி மின்னியது. இனி யார் குரு, யார் சீடன் என்பது போல நிமிர்ந்து நின்றான்.

"நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க அண்ணாச்சி, டீ வருது."

அவன் அந்தப் பம்பரிலேயே உட்கார்ந்து டீ குடித்தான். எழுந்தபோது டீ கொண்டு வந்தவர் சிரித்துவிட்டார். பலவேசத்தின் வெள்ளை வேட்டியில் பின்பக்கம் முழுக்க எண்ணெயும் கரியுமாக அப்பியிருந்தது. எஸ்தர் சிரிக்கவில்லை.

"கழுவிருங்க" என்றாள்.

கழுவினான். சோப்பு போட்டு, பிரஷால் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி தேய்த்தான். பழைய மெழுகும் அழுக்கும் சாம்பல் நிறத்தில் வழிந்தன.

"எதுவரைக்கும் தேய்க்கணும் மேஸ்திரி?"

"தண்ணி தெளிஞ்சு ஓடுற வரைக்கும்."

தெளிந்து ஓடியது. காய்ந்ததும் பார்த்த பலவேசத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிளாஸ்டிக் முன்னைவிட மோசமாக வெளுத்திருந்தது.

"ஐயையோ! இருந்ததும் போச்சே!"

"போகல. இப்பத்தான் அதோட நெசம் தெரியுது. இது தெரியாம மேல எதைப் பூசுனாலும் நிக்காது."

ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்தாள். பெயின்டில் படாமல் ஓரமெல்லாம் டேப் ஒட்டினாள். ஒரு சின்ன பாட்டிலில் இருந்து பிளாஸ்டிக்குக்குப் பூசுகிற கோட்டிங்கை ஸ்பாஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு சாண் இடத்துக்குத் தேய்த்தாள். மிஞ்சினதை உடனே துடைத்தெடுத்தாள். பிறகு அடுத்த சாண். பார்த்துக்கொண்டிருந்த பலவேசத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுவும் கறுப்பாத்தான் ஆவுது. எண்ணெயும் கறுப்பாத்தான் ஆச்சு. என்ன வித்தியாசம்?"

"எண்ணெய் மேல உக்காந்திருக்கும். இது பிடிச்சுக்கும். வெயிலு, மழை எதுக்கும் அசையாது. ஆனா நாளைக்குக் காலையில வரைக்கும் தொடக் கூடாது."

அன்று மத்தியானம் அவன் போன் அடித்தது. மாடத்தி போய்விட்டாள்.

பலவேசம் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து வண்டிக் கதவில் கை வைக்கப் போனான். எஸ்தர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காயட்டும் அண்ணாச்சி."

"எங்கம்மா செத்துட்டா மேஸ்திரி."

"தெரியும். அவங்களுக்காகத்தான் சொல்லுதேன்."

அவனுக்கு அவள்மேல் அந்த நேரத்தில் வந்த கோபம் தங்கவடிவேல்மேல் கூட வந்ததில்லை. எப்படியும் வெளியூரில் இருக்கிற தன் தங்கச்சி வந்து சேர மறுநாளாகும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

காலையில் மாடத்தியை ஏற்றினார்கள். வண்டியின் கறுப்பு, கறுப்பாக இருந்தது. மினுக்கவில்லை, வழியவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. பலவேசம் ஈர வேட்டியோடு, கையில் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். கீழத்தெரு மொத்தமும் பின்னால் வந்தது. பெரிய தெரு முனை வந்ததும் எஸ்தர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக் கொட்டு அடிப்பவர்களை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள்.

தங்கவடிவேல் நின்றுகொண்டிருந்தார்.

சட்டியைப் பார்த்தார். அதில் புகை வந்தது. ஆனால் அது எல்லாப் பிணத்துக்கும் முன்னால் போகிற புகை, அதை ஒன்றும் சொல்ல முடியாது. வண்டியின் பின்னால் போனார். புகை இல்லை. காதைச் சாய்த்தார். எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வருகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வலை இறுக்கமாக இருந்தது. முன்னால் வந்தார். குனிந்து பம்பரில் விரலை வைத்து, அழுத்தி, ஓர் இழுப்பு இழுத்தார்.

பலவேசத்துக்குத் தன் வேட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

தங்கவடிவேல் விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பழக்கத்தில் வேட்டியில் துடைக்கப் போனவர், துடைக்க ஒன்றும் இல்லாமல் கையைத் தொங்கவிட்டார்.

எஸ்தர் ஸ்டீயரிங்கில் இருந்தபடியே மரியாதையாகக் கேட்டாள். "இன்னும் என்ன செய்யணும் அண்ணாச்சி? சொல்லுங்க, செஞ்சிருதேன்."

"அதுக்கில்லம்மா... வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா."

"என்ன வழக்கம்?"

"உனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாது. புகைன்னீங்க, நிறுத்துனேன். சத்தம்னீங்க, அடக்குனேன். பூன்னீங்க, வலை கட்டுனேன். வெளுப்புன்னீங்க, கறுப்பாக்கிட்டேன். மிச்சம் என்ன இருக்கு? சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

தையல் கடையில் மிஷின் நின்றது. பூக்கட்டுகிறவள் நாரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றாள். மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

தங்கவடிவேல் வாயைத் திறந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். புகையைச் சொன்னால் ரிப்பேர், சத்தத்தைச் சொன்னால் ரிப்பேர். இந்த வார்த்தையை நாலு பேர் கேட்கச் சொன்னால் கேஸ். அது அவருக்கும் தெரியும், ஜன்னலில் நின்றவர்களுக்கும் தெரியும். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

'நகர்ந்துரு, நகர்ந்துரு' என்று பலவேசம் மனசுக்குள் கெஞ்சினான். கொள்ளிச்சட்டியின் சூடு கையில் ஏறியது. அவன் அசையவில்லை.

தங்கவடிவேல் வாயை மூடினார். வேட்டியைச் சரிபண்ணுகிறவர் மாதிரி குனிந்தார். அப்படியே இரண்டு எட்டு ஓரமாகப் போய் நின்றார்.

எஸ்தர் கியரைப் போட்டாள்.

பலவேசம் வெறுங்காலோடு அந்த ரோட்டில் நடந்தான். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவின் நடுவில் அவன் நடந்ததில்லை, ஓரமாகத்தான் போயிருக்கிறான். கண் மறைத்தது. துடைக்கக் கை இல்லை. துடைக்க வேண்டாம் என்றே இருந்தது. "அம்மா, ஒன் ரோடு" என்றான். பின்னால் வண்டி சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து, குளித்து, பம்பு செட்டு ஓரத்தில் நின்றார்கள். எஸ்தர் ஈரத்துணியால் பம்பரில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இனி வண்டியை நிழலில்தான் நிறுத்த வேண்டும் என்றாள். பலவேசம் தலையாட்டினான்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அவரு நகந்துட்டாரு, சரி. நகராம, அந்த வார்த்தையை வாயத் தொறந்து சொல்லியிருந்தா?"

எஸ்தர் துணியைப் பிழிந்தாள். உதறினாள்.

"சொல்லட்டும்னுதானே அண்ணாச்சி, இவ்வளவு நாளும் தேய்ச்சேன்."