எந்த இனத்தில் வைத்தியன்

ஆன்லைன் விளையாட்டில் தணிகாசலம் மறுபடியும் தன் கேரக்டரை அழித்துவிட்டார் என்று தெரிந்ததும், ஆசான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சற்று நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் பெயர் ரெஹானா. வயதில் தணிகாசலத்துக்கு மகள் போல. ஆனால் அந்த விளையாட்டில் அவள்தான் குழுத்தலைவி. குழுவே அவளை ஆசான் என்று அழைத்தது; அவரும் அழைத்தார்.

"இந்தத் தடவை என்ன சார் குறை?"

"தாடிக்காரக் குள்ளனா எடுத்தேன், ஆசானே. உடம்பு கெட்டி. ஆனா மந்திரசக்தி கொஞ்சம் கம்மி."

"அதுக்கு முன்னாடி எடுத்த நீளக்காது எல்ஃப்?"

"மந்திரசக்தி நிறைய. ஒரு அடியிலே விழுந்துடறான்."

"மனுஷன்?"

"மனுஷன்ல ஒண்ணுமே விசேஷம் இல்லை. எல்லாமே சுமார்."

"நாமெல்லாம் அதிலேதான் சார் பிறந்திருக்கோம்," என்றான் ஜெபராஜ். குழுவில் முன்னால் நின்று அடி வாங்குகிறவன் அவன். அடிபட்டவர்களின் காயத்தை மந்திரத்தால் ஆற்றும் வைத்தியன் வேலை தணிகாசலத்துடையது.

விளையாட்டில் முதலில் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு தொழில். இனத்தை மாற்ற முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகப் பிறக்கலாம். படிப்பை அப்பாவும், மின்வாரிய வேலையை மாமாவும் முடிவு செய்த மனிதர் தணிகாசலம். இங்கேயாவது பிசகாமல் பிறந்துவிட வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறு உண்டா, தெரியவில்லை.

"இன்னிக்கு நாகக் குகை," என்றாள் ஆசான். "நீங்க வரலைன்னா வேற வைத்தியரைச் சேர்க்கச் சொல்றாங்க குழுவிலே. அப்புறம் உங்களுக்கு இங்கே இடம் இல்லை. என்னாலே இனிமே பேசித் தடுக்க முடியாது. கையிலே என்ன இருக்கு?"

தணிகாசலம் தயங்கினார்.

"ஒரு ஓர்க் இருக்கு, அந்த முரட்டு அரக்க இனம். முதன்முதல்ல விவரம் தெரியாம எடுத்தது. கொஞ்சம் வளர்ந்திருக்கு. வைத்தியத்துக்கு ஓர்க் ஆகவே ஆகாதுன்னு நெட்ல எல்லாரும் எழுதியிருக்காங்க. அதையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்னு பார்க்கிறேன்."

"அழிக்காதீங்க! அதோட வாங்க."

"ஆசானே, வைத்தியனுக்கு எந்த இனம் சரி? அதை மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் அழிக்கவே மாட்டேன்."

"யா அல்லாஹ்," என்றாள் ஆசான். "குகைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்."

போனார்கள். நாகம் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. முதல் வீச்சிலேயே, திரையோரத்தில் ஜெபராஜின் பெயருக்கு எதிரே இருந்த உயிர்க்கோடு பாதிக்கு இறங்கியது.

"சார்! செத்துக்கிட்டிருக்கேன் சார்!"

"மந்திரசக்தி பத்தலைப்பா. இதுவே எல்ஃபா இருந்தா..."

"எல்ஃப் அப்புறம் சார், முதல்ல நான்!"

தணிகாசலம் ஜெபராஜின் கோட்டை ஏற்றினார். அதற்குள் ஆசானின் கோடு சிவந்தது. அதை ஏற்றினார். ஜெபராஜ் மறுபடி இறங்கினான். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள்ளிருந்து மனைவி காபி வேண்டுமா என்று கேட்டதற்கு "சாகப்போறான், சும்மா இரு" என்று கத்தினார். நாகம் விழுந்தபோது ஆசானிடம் கீற்றளவு உயிர் மிச்சமிருந்தது.

ஜெபராஜ் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், ஓடி வந்தவன் போல.

"எல்ஃபா இருந்திருந்தா இவ்வளவு இழுபறி ஆகியிருக்காது," என்றார் தணிகாசலம். "அழிக்கிற பக்கத்தைத் திறந்துட்டேன், ஆசானே. இப்பவாவது சொல்லுங்க, எந்த இனம்?"

ஆசான் பல்லைக் கடித்தது மைக்கில் கேட்டது.

"சார், அந்தப் பக்கத்திலேயே இருங்க. என்னைத் திரும்பிப் பார்க்காம சொல்லுங்க. இவ்வளவு நேரம் என்னைச் சாகாம காப்பாத்தினீங்களே, நான் என்ன இனம்?"

தணிகாசலம் யோசித்தார். காதுகள் நீளமா? தாடி உண்டா? உயரமா, குட்டையா? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஆசானே, நான் உங்களைப் பார்க்கவே இல்லை. உங்க கோடு இறங்குதான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"நானும் உங்களைப் பார்க்கலை சார்," என்றாள் ஆசான். "என் கோடு ஏறுதான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."