ஒன்பது ‘ம்’

ஆறுகளுக்குப் பெயர் வைக்குமுன்பே அரசர்களுக்குப் பெயர் வைத்துவிட்ட காலத்தில், வெண்ணாவல் நாட்டைப் பரிதிமாறன் என்றோர் அரசன் ஆண்டான். காலையில் கொடுத்த நிலத்தை மாலையில் பிடுங்கிக்கொள்வான். பிடுங்கியதை மறந்து, மறுநாள் அதே ஆளிடம் “விளைச்சல் எப்படி?” என்று விசாரிப்பான்.

ஒருநாள் அவனுக்கு நூறு தூண் மண்டபம் வேண்டுமென்று தோன்றியது. கல்தூண் ஆகாது. ஒவ்வொரு தூணும் ஒரே ஈட்டிமரமாக இருக்கவேண்டும்.

அத்தகைய மரங்கள் கூகைமலையில்தான் நின்றன. அந்த மலைக்குடிகள் இறந்தவரைப் புதைத்தால் குழியின்மேல் ஓர் ஈட்டிக்கன்று நடுவார்கள். போனவரின் பெயரே மரத்துக்கும் பெயர்.

மலை மூப்பரின் சம்மதமில்லாமல் அங்கே கோடாரி ஏறக்கூடாது என்று பழைய ஆணை ஒன்று இருந்தது. அரசனின் ஓலைகளைக் கவனிக்கும் ஓலைநாயகம் விடங்கர் அதைக் கேட்டுச் சிரித்தார். “சம்மதம்தானே அரசே? ஒரே பகலில் வாங்கி வருகிறேன்.”

எழுத்தனோடு மலையேறி, மூப்பர் செவணனின் முன்னால் ஓலையைப் படித்தார். ஒவ்வொரு வரி முடியும்போதும் செவணன் “ம்” என்றார். ஒன்பது வரி, ஒன்பது ‘ம்’. எழுத்தன் குறித்துக்கொண்டான்: ‘மூப்பன் ஒன்பது முறை இசைந்தான்.’

மறுநாளே கோடாரிகள் ஏறின. குடிகளை ஆற்றோரத்து நாணல் சதுப்புக்கு விரட்டினார்கள். நாற்பது மரங்கள் விழுந்தன. சதுப்புக் காய்ச்சலில் பதினொரு குழந்தைகள் போயின. பதினொன்றாவது குழியை மூடிய கையோடு செவணன் தலைநகருக்கு நடந்தார்.

அரசன் அன்று பாதி எழும்பிய மண்டபத்தில் வீற்றிருந்தான். நாற்பது தூண்கள் நின்றன. மேலே கூரையில்லை, வெயில் இருந்தது.

“ராசா, நீ என் மலையை வெட்டுகிறாய்” என்றார் செவணன்.

“நீயா? அரசரையா?” என்று விடங்கர் துள்ளினார்.

“எங்கள் பேச்சில் சாமிக்கும் ‘நீ’தான் ஐயா. உமக்கு வேண்டுமானால் மரியாதை கூட்டிச் சொல்கிறேன்.”

அரசன் சிரித்துவிட்டான். “சம்மதம் தந்துவிட்டு இப்போது அழுகிறாயே, மூப்பா?”

“நான் எங்கே தந்தேன்? ‘ம்’ கொட்டினேன். மலையேறி வந்தவர் பேசுகிறார், கேட்கிறேன் என்று காட்டவேண்டாமா? பதில் சொல்ல ஏழு ஊர் மூப்பர்களும் கூடி உட்காரவேண்டும். உட்காருமுன்பே கோடாரி வந்துவிட்டது.”

“‘ம்’ என்றால் சம்மதம்! தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்” என்றார் விடங்கர். அவை குலுங்கிச் சிரித்தது.

“என் அவையில் ‘ம்’ சம்மதம்தான்” என்றான் அரசன். “பொழுது சாய்வதற்குள் அந்த ஓலை பொய்யென்று காட்டு. முடியாவிட்டால் மீதி அறுபதும் விழும்.”

செவணன் தூண்களைப் பார்த்தார். “அப்படியானால் இவர்களை உனக்கு அறிமுகம் செய்துவிட்டுப் போகிறேன். மலையில் எழுதிய அதே பிள்ளையாண்டான் இங்கேயும் எழுதட்டும். அதே மாதிரி எழுதட்டும்.”

“எழுதடா, எழுது!” என்று விடங்கர் கைகொட்டினார். “அப்படியே எழுது!”

செவணன் முதல் தூணைத் தொட்டார். “இவள் குறும்பி. மலை வறண்ட வருசம் பன்றி போன தடத்திலேயே போய் ஊற்றைக் கண்டவள்.”

“ம்” என்றான் அரசன்.

“இவன் அவள் மகன்வழிப் பேரன். அந்த ஊற்றிலேயே புலி இவனைப் பிடித்தது.”

“ம்.”

“இவள் பேசாதவள். ஆனால் இவள் கைபட்டால் எந்தத் தேனீயும் கொட்டாது.”

“ம்...” அரசன் முன்னால் சாய்ந்தான்.

“சதுப்பில் பதினொரு குழி இருக்கிறது, ராசா. சின்னக் குழி. கன்று நட்டால் அழுகிவிடுகிறது.”

“ம்.” குரல் இறங்கியிருந்தது.

“அரசே, இந்த ஆள்...” என்று விடங்கர் குறுக்கிட்டார்.

“சும்மா இரும். கேட்கவிடும்.”

“அந்தத் தாய்மார் மலைக்குத் திரும்பவேண்டும்.”

“ம்.”

“மிச்சமுள்ள அறுபதும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும்.”

“ம்.”

“விடங்கர் ஒரு மழைக்காலம் அந்தச் சதுப்பில் குடியிருக்கவேண்டும்.”

“ம்.”

செவணன் எழுத்தனிடம் திரும்பினார். “படி, தம்பி.”

எழுத்தன் ஓலையை முகத்தருகே பிடித்தான். “அரசர்... ஏழு முறை இசைந்தார்.”

அரசனின் கை வாளுக்குப் போயிற்று.

“‘ம்’ சம்மதமில்லை என்றால் மலையில் எழுதிய ஓலை பொய்” என்றார் செவணன். “சம்மதம்தான் என்றால் நீ இப்போது தந்தது ஆணை. எது வேண்டுமோ எடுத்துக்கொள், ராசா.”

வாளிலிருந்து கையை எடுத்து அரசன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவன் கண் முதல் தூணின்மேல் இருந்தது. “ஆணைதான்” என்றான். “விடங்கரே, எழுந்திரும். மூப்பரே, அந்த ஆசனத்தில் நீர் அமரும்.”

“ஒற்றை ஆளாக உட்கார்ந்து முடிவு சொல்லும் உரிமை எனக்கில்லை. கன்று வேர்பிடிக்காத குழியை மூப்பன் விட்டுப்போவதும் எங்களிடம் இல்லை. நான் சதுப்புக்குத்தான் போகவேண்டும்.”

குடிகள் மலையேறினார்கள். செவணன் ஏறவில்லை. குழிகளுக்கு அந்தப் பக்கம் அவர் குடிசை, இந்தப் பக்கம் விடங்கரின் குடிசை. ஒவ்வொரு மழைக்கும் கன்றுகள் அழுகின. செவணன் மறுபடி நட்டார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்ட விடங்கர், ஐப்பசியில் கன்று சுமந்துவந்து கொடுத்தார்.

கார்த்திகையில் காய்ச்சல் செவணனைக் கொண்டுபோயிற்று. பக்கத்தில் வேறு ஆளில்லை. எழுத்தாணி பிடித்த கையால் விடங்கரே குழி தோண்டினார். எவ்வளவு ஆழம் என்று தெரியாமல், தண்ணீர் ஊறும்வரை தோண்டினார். மூடியபின் மேலே ஒரு கன்று நட்டார்.

மார்கழியில் மழை விட்டது. அவருடைய தண்டனையும் முடிந்தது. அரண்மனையிலிருந்து பல்லக்கு வந்தது.

“கன்று இன்னும் வேர்பிடிக்கவில்லை” என்று சொல்லி, விடங்கர் பல்லக்கைத் திருப்பி அனுப்பினார்.