முதலாளியின் மெலிசு டயர்

ஆரணி அரிசி ஆலை முதலாளி ஏகாம்பரம், தன் சொகுசுக் காருக்குப் பெரிய வீல் போட்டு, சுற்றிலும் வளையல் கனத்துக்கு டயர் மாட்டினார். பார்க்க ஜோர்தான். பள்ளம் வந்தால் அவர் பல் ஆடும், திட்டு டிரைவர் தவசிக்கு விழும்.

"வண்டி தொட்டில் மாதிரி போகணும்டா! இன்னொரு தடவை தூக்கிப் போட்டா உன் சீட்டு கிழிஞ்சிடும்!"

மத்தியானம் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் வீட்டுக் கட்டில் மெத்தையில் தொப்பென்று விழுந்தார் முதலாளி.

"ஐயோ, என் இடுப்பு!"

ஓடிவந்தான் தவசி. "மெத்தை உயரம் அதேதாங்க முதலாளி. அடியில பலகையைக் கூட்டி, மேல பஞ்சைக் குறைச்சேன், உங்க டயர் மாதிரியே. பார்க்க ஜோரா இல்லீங்களா?"

அன்றைக்கே பழைய வீலும் தடித்த டயரும் திரும்பின. டயர் கடைவரைக்கும் முதலாளி பின்சீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் போனார்.