குனிந்த வரிசை

கிட்ட வந்து உட்காருங்க. இது உரக்கச் சொல்லுற கதை இல்லை.

ஒரு பெரிய ஜெயில். அங்கே தறிக்கொட்டகையில் மீரான்னு ஒரு கைதி. கூட இருந்தவங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான். அவனோட சிஷ்யர் தவசி. வயசுல மீரானுக்கு அப்பன் மாதிரி. ஆனாலும் வாய் நிறைய "வாத்தியாரே"ம்பார்.

தவசிக்கு இடது காது கேட்காது. சாயங்காலக் கணக்கெடுப்பில் பெரிய வார்டர் செல்லப்பாண்டி அறைஞ்ச அறை அப்படி. 'கைதின்னாலும் நானும் மனுஷன்தானே'ன்னு கோர்ட்டுக்கு மனுப் போட்டார். தோத்தது. அப்பீல் போனார். அதுவும் தோத்த சேதி ஒருநாள் மத்தியானம் வந்தது.

வார்டர் தறிப்பக்கம் வந்து சிரிச்சார்.

"என்ன தவசி, தள்ளுபடியாமே? ஆடித் தள்ளுபடியா? சாயங்காலம் வா. நானும் கொஞ்சம் தள்ளித் தரேன்."

அவர் போனதும் தவசி தறியை வெடுக்குன்னு இழுத்தார். இழை அறுந்தது.

"வாத்தியாரே, ஜட்ஜய்யா என்னதான் எழுதியிருக்காராம்?"

"அடிச்சதைக் கண்ணால பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்லையாம்."

"அடப் பாவமே! முற்றம் நிறைய ஆள் இருந்துச்சே!"

"இருந்தோம். குனிஞ்சிருந்தோம்."

அந்த ஜெயிலில் அதுதான் சட்டம். கணக்கெடுக்கும்போது எல்லாரும் குந்தி, தலையை முழங்காலுக்குள்ள வச்சுக்கணும். நிமிர்ந்தா லத்தி. விசாரணையில் கேட்டப்போ அத்தனை பேரும் 'பார்க்கலை'ன்னாங்க. பொய்யும் இல்லை.

"இன்னிக்கு மத்தக் காதும் போகும். உசிரே போகுமோ என்னமோ. இனி யார்கிட்ட போய் நிக்கட்டும், சொல்லுங்க."

மீரான் அறுந்த இழையை முடிச்சுப் போட்டான். மணி அடிச்சுட்டாங்க.

முற்றத்தில் எல்லாரும் குந்தினாங்க. பூட்ஸ் சத்தம் வரிசைக்குள்ள வந்தது. நம்மைத் தாண்டிப் போகட்டும்னு ஒவ்வொரு முதுகும் வேண்டிக்கிச்சு. சத்தம் தவசிக்குப் பின்னால நின்னது.

"எந்திரிடா, கோர்ட்டுக்காரா."

எழுந்தார். டவுசர் நனைஞ்சிருந்தது. லத்தி மேலே போச்சு.

போனது இறங்கலை. முதுகா இருந்த வரிசையில் ஒரு முகம் தெரிஞ்சது.

"ஏய் பாய்! என்னடா பார்வை?"

மீரானுக்கும் உதடு ஆடத்தான் செஞ்சது.

"கோர்ட்டுல கேட்டாங்களேய்யா, யாரு பார்த்தான்னு. அதான் பார்க்குறேன்."

"குனிடா!"

குனியலை. பக்கத்தில் சோணைன்னு ஒருத்தன், முகத்தைப் புதைச்சுக்கிட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டிருந்தான். வார்டர் மேலிருந்து கண்ணை எடுக்காம, மீரான் கையை நீட்டி, அவன் மோவாயைப் பிடிச்சு மெல்ல நிமிர்த்தினான்.