அடி பிடித்த பால்

கேள்வி கேட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதில் சொல்ல வேண்டியவருக்கு நாற்பது. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம். அரசியம்மாவிடம் இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடியும் அவசரப்படத் தெரியாத ஒரு குரலும்தான்.

அரக்கோணத்தில் அவர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடம் நடக்கும். அன்றைக்கு, ஆசை எங்கே பிறக்கிறது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. தணிகாசலம் கையைத் தூக்கினார்.

"அம்மா, நல்ல பாத்திரத்த எப்படிப் பாத்து வாங்கறது?"

பின்வரிசையில் சிரித்தார்கள். அரசியம்மா சிரிக்கவில்லை.

"எந்தப் பாத்திரம்?"

"சமையல் பாத்திரந்தாம்மா. பொண்ணுக்குச் சீர். வாங்கிட்டேன். வாங்கினப்புறம் பயமா இருக்கு."

"மாப்பிள்ளை வீட்டுல எப்ப பாக்க வராங்க?"

"புதன்கிழமை."

"நானும் வரேன். பாத்துட்டுச் சொல்றேன்."

தணிகாசலத்தின் பயத்துக்குக் காரணம் இருந்தது. எடை அளவை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் தெருவுக்குள் நுழைந்தால் கடைக்காரர்கள் தராசைத் துடைத்து வைப்பார்கள். மனைவி காலமாகிவிட்டதால் பாத்திரம் எடுக்கத் தனியாகத்தான் போனார். பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றினார். சொன்ன எடை கிராம் பிசகாமல் இருந்தது. மகிழ்ந்துபோய், எல்லாவற்றிலும் மகள் அபிராமியின் பெயரை வெட்டச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பால் பாத்திரத்தின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். 'டப்' என்று உள்ளே போய், விட்டதும் வெளியே வந்தது. கனமெல்லாம் கைப்பிடியிலும் மூடியிலும் இருந்தது. தராசு பொய் சொல்லவில்லை. எங்கே கனம் என்று அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பெயர் வெட்டிய பாத்திரத்தை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் சட்டத்தைவிடக் கறாரான வழக்கம்.

புதன்கிழமை கூடத்தில் பாய் விரித்துப் பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள். மாப்பிள்ளை குகனும் அவன் அம்மா விசாலாட்சியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அரசியம்மா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாலாட்சி அண்டாவை விட்டார், குடத்தை விட்டார். நேரே பால் பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்தார். கட்டைவிரல் அடியில் போய் உட்கார்ந்தது.

டப்.

தணிகாசலத்துக்குத் தன் நெஞ்சிலேயே யாரோ அழுத்தியதுபோல இருந்தது.

"என்ன சம்பந்தி, அப்பளமா?"

"இல்லீங்க, எடை சரியா..."

"எடைய வெச்சு நான் என்ன பண்ண? இதுல பால் வெச்சா அடி பிடிக்கும். மிச்சமெல்லாமும் இதே ரகந்தானே?"

"பேரு வெட்டியாச்சுங்க."

"நான் வெட்டச் சொல்லலியே." விசாலாட்சி பாத்திரத்தைக் கீழே வைத்தார். "பொறுமையா மாத்துங்க. மாத்தினப்புறம் பத்திரிகை அடிக்கலாம். அவசரமில்ல."

அவசரமில்லை என்ற சொல்லுக்குக் கல்யாண வீட்டில் என்ன பொருள் என்பது தணிகாசலத்துக்குத் தெரியும். அபிராமிக்கும் தெரியும். அவள் குகனைப் பார்த்தாள். குகன் பாயைப் பார்த்தான்.

தணிகாசலம் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. இது நல்ல பாத்திரமா, இல்லியா?"

"எனக்குக் காபி வேணும்" என்றார் அரசியம்மா. "அதுலயே பால் காய்ச்சச் சொல்லுங்க."



"சீர்ப் பாத்திரங்க அது" என்றார் விசாலாட்சி. "புதுக்குடித்தனத்துலதான் முதல்ல அடுப்புல ஏறணும்."

"வேணாம்னுதானே சொல்லிட்டீங்க. இப்ப அது வெறும் பாத்திரந்தானே?" என்றார் அரசியம்மா.

 அபிராமி எழுந்தாள்.

"நீ உக்காரும்மா. தம்பி, நீங்க போய் வைங்க" என்றார் அரசியம்மா குகனிடம்.

"அவனா?" விசாலாட்சி பெருமையாகச் சிரித்தார். "அவனுக்கு அடுப்பு பத்தவெக்கக்கூடத் தெரியாது."

குகன் எழுந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனான்.

கூடத்திலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். அவன் கொஞ்சமாகப் பால் ஊற்றினான். தீயை முழுசாகத் திருப்பினான். கரண்டியால் கிண்டத் தொடங்கினான். தீயைக் குறை என்று சொல்லத் தணிகாசலத்தின் நாக்கு துடித்தது. அரசியம்மா அவர் பக்கம் திரும்பாமலே கையை லேசாக உயர்த்தினார். நாக்கு அடங்கியது.

 கரண்டி பாத்திரத்தில் படும் ஓசை மட்டும் கேட்டது. அது கேட்கும்வரை ஆபத்தில்லை என்று தணிகாசலம் கணக்குப் போட்டார்.

போன் அடித்தது. கரண்டி நின்றது.

"சொல்லு மச்சி" என்றபடி குகன் பின்கட்டுக்குப் போனான்.

தணிகாசலம் பாதி எழுந்தார்.

"உக்காருங்க" என்றார் அரசியம்மா.

"அம்மா, அடி பிடிச்சிரும்."

"தெரியும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அபிராமி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பின்கட்டிலிருந்து குகன் சிரிப்பது கேட்டது. பால் பொங்கவில்லை. பொங்கினாலாவது சுபம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். மெதுவாக, கூடம் முழுக்கக் கருகல் வாசனை வந்தது. எல்லோருக்கும் வந்தது. யாரும் எழவில்லை. விசாலாட்சி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார், தீர்ப்புக்கு முன்னால் நீதிபதி உட்காருவதுபோல.

பின்கட்டில் காலடி ஓடிவந்தது. அடுப்பு அணைந்தது. குகன் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். பால் பழுப்பாக இருந்தது.

"பாத்தீங்களா பாத்திரத்தோட லட்சணத்த" என்றார் விசாலாட்சி.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்ங்க" என்றார் தணிகாசலம். "நாளைக்கே எல்லாத்தயும் மாத்திடறேன். என்ன ஆனாலும் சரி."

இரண்டு சம்பந்திகளும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். குகன் தலையாட்டினால் போதும், விவகாரம் முடிந்தது.

அவன் தலையாட்டவில்லை. பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டே நின்றான். அபிராமி சுற்றிய முந்தானையை விடவில்லை.

"பாத்திரம் ஒண்ணும் பண்ணலம்மா" என்றான். "நான் போன் பேசப் போயிட்டேன்."

"அடி கனமா இருந்தா நீ போனாலும் ஒண்ணும் ஆயிருக்காதுடா."

"ஆயிருக்காது. ஆனா போனது நான்தானே."

"யாருக்குடா வக்காலத்து வாங்கற?"

"யாருக்கும் இல்ல. தேய்க்கணும். நார் எங்க இருக்கு?" கடைசிக் கேள்வி அபிராமிக்கு.

அவள் எழுந்துபோய் நாரை எடுத்துக் கொடுத்தாள். பாத்திரத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. "முதல்ல பால டம்ளர்ல ஊத்திட்டு, தண்ணி விட்டு ஊற வைங்க. அவசரப்பட்டா கீறல் விழும்" என்று மட்டும் சொன்னாள்.

சமையலறையில் குழாய் திறக்கும் ஓசை கேட்டது.  தானும் ஒன்று சொல்லியாக வேண்டும் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் யாரிடமும் சொல்லாத வாக்கியம்.

"கடைக்காரன் ஏமாத்தலீங்க. நான்தான் பாக்கத் தெரியாம வாங்கிட்டேன்."

விசாலாட்சி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். தன் மகன் பாத்திரம் தேய்ப்பதை அவர் இதுவரை கண்டதில்லை. கொஞ்ச நேரம் கண்டார்.

"பால் வெக்கறதுக்கு மட்டும் ஒண்ணு கனமா வாங்கிருங்க" என்றார். "நான் கூட வரேன். உங்கள நம்பித் தனியா அனுப்ப முடியாது." பிறகு, வேறு பக்கம் பார்த்தபடி, "பத்திரிகைக்கு வாசகம் எழுதி வெச்சிருந்தா காட்டுங்க."

அபிராமி கருகிய பாலில் ஒரு டம்ளர் காபி கலந்து கொண்டுவந்தாள். அரசியம்மா முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தணிகாசலம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, நீங்க கடைசிவரைக்கும் சொல்லவே இல்லியே. அது நல்ல பாத்திரமா?"

"ரொம்ப மட்டமான பாத்திரம்" என்றார் அரசியம்மா. "நல்லதா வாங்கியிருந்தீங்கன்னா, நானும் யாரு எப்படின்னு தெரியாம, நல்ல காபி மட்டும் குடிச்சிட்டுப் போயிருப்பேன்."