சண்முகக்கனிக்கு எந்த பிலிம்?

தூத்துக்குடியில் செலின் என்றொரு பெண் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற நாகலிங்கம் அவளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். அவளுடைய அப்பா வயது அவருக்கு. ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. மணப்பெண் சண்முகக்கனியின் அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுவிட்டுப் போனாள்.

"பிள்ளை சிவப்பா விழணும்மா."

நாகலிங்கம் கடையில் இருந்த பிலிம் ரோல்களையெல்லாம் மேசையில் பரப்பினார்.

"டீச்சர், இதுல எதைப் போட்டா கறுப்பா இருக்கிற பொண்ணு சிவப்பா தெரிவா?"

"வாங்க அண்ணாச்சி, பொண்ணைப் பார்த்துட்டு வந்துருவோம்."

எப்போதும் போடுகிற கலர் ரோல்தான் கேமராவில் இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு செலின் கிளம்பினாள்.

கேமராவைப் பார்த்ததும் வாசலில் நின்ற சண்முகக்கனி வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்குப் போட்டோவே வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தவர் என்னைச் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி எடுத்து வச்சாரு. அதைப் பார்த்துட்டு மாப்பிள்ளையே இது யாருன்னு கேட்டாங்க."

நாகலிங்கம் சிரித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"சரி, உன்னை எடுக்கல," என்றாள் செலின். "நீ எடு. கல்யாணம் முடிஞ்சு கல்கத்தா போறியாமே. அம்மாவை ஒண்ணு எடுத்துக் கையில வச்சுக்கோ."

சண்முகக்கனி மெல்ல வெளியே வந்தாள். செலின் கேமராவைச் சரிசெய்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள்.

"ஐயையோ, என்னையா!" என்று அம்மா உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பவுடர்.

"எம்மா, மாவு மில்லுல இருந்தா வர்ற? போய்க் கழுவிட்டு வா."

"கறுப்பா விழுவேன், ஏட்டி."

"நீ கறுப்புதானே! இப்படியே எடுத்துட்டுப் போனா அங்க எனக்கே உன்னை அடையாளம் தெரியாது."

அம்மா முகம் கழுவிவிட்டு வந்து முருங்கை மரத்தடியில் நின்றாள். நாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்க முந்தானையை எடுத்தாள்.

"துடைக்காத. அப்படியே நில்லு. எவ்வளவு அழகா இருக்கே தெரியுமா?"

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. சண்முகக்கனி பொத்தானை அழுத்தினாள்.

எடுத்த பிறகும் அவள் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, கல்யாணத்துல என்னை எந்த பிலிம்ல எடுப்பீங்க?"

நாகலிங்கமும் செலின் முகத்தைப் பார்த்தார்.

"இப்போ உங்க அம்மாவை எடுத்தியே," என்றாள் செலின், "அதே பிலிம்லதான்."