லைனில் காலியாக விட்ட இடம்

மலை மேல் இருந்த அந்த மருத்துவமனைக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு இன்டர்நெட் லைன். அதைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் வியான்னி. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர் மாசிலாமணி. சிஸ்டரைவிட வயதில் மூத்தவர். வெகுகாலம் அங்கே அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டெலிபோன் போர்டில் இருந்தவர். போர்டைக் கழற்றி எடுத்துப்போன மறுநாள், எனக்கும் இதைச் சொல்லிக்கொடுங்க என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஜெனிட்டாவின் பச்சைக் குழந்தைக்கு இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. வளைந்து இறங்கும் சாலையில் கீழே கொண்டுபோனால் தாங்காது. டாக்டர் கௌதமி ஊசி போட்டு நீரை எடுப்பார். சென்னையிலிருந்து பெரிய டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டே வழி சொல்வார் என்று ஏற்பாடு. அவர் நிறுத்தச் சொன்ன நொடியில் நிறுத்த வேண்டும். அதற்கு அப்பால் இதயம்.

காலையில் பொம்மையை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். 'நிறுத்துங்க' என்ற குரல் வந்து சேர்வதற்குள் ஊசி பொம்மையின் இதயத்துக்குள் போயிருந்தது.

டாக்டர் கௌதமி கையுறையைக் கழற்றினார். "இந்த லைனை நம்பி நான் குத்த மாட்டேன் சிஸ்டர். மதியத்துக்குள்ள சரி பண்ணுங்க. அதுக்கு மேல குழந்தை தாங்காது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெனிட்டா நின்றிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

மாசிலாமணி, லைன் வந்து சேரும் ரூட்டர் பெட்டியின் முன் போய் உட்கார்ந்தார். முந்தின நாள் லைனில் வருவதையெல்லாம் வரிசைப்படுத்தியவர் அவர்தான். சென்னை டாக்டரின் குரல் முதலில். ஸ்கேன் படங்களும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் அடுத்து. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் போனில் பார்க்கும் சினிமா கடைசியில். போர்டில் அவர் யாரை முதலில் சேர்த்தாரோ அவர்தான் முதலில் பேசினார். இங்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்.

"முதல் இடம் கொடுத்தாச்சே சிஸ்டர். பிறகும் ஏன் பிந்துது?"

"எங்க கொடுத்தீங்க அண்ணே?"

"நம்ம ரூட்டர்ல."

"கூட்டம் எங்க நிக்குது?"

அவர் பார்த்தார். ரூட்டரில் கூட்டமே இல்லை. வருவதெல்லாம் மலையடிவாரத்தில், லைன் கொடுத்த கம்பெனியின் முனையில் முண்டியடித்து நின்றது. அங்கே டாக்டரின் குரலும் யாரோ பார்க்கும் சினிமாவும் ஒரே வரிசை. மற்றதை அறுத்துவிடவும் முடியாது. அவசரப் பிரிவின் உயிரும் அதே லைனில்தான்.

"அங்க நம்ம பேச்சு எடுபடாதே. அனுப்புற கையும் நம்ம கை இல்லை. வர்றதை எப்படி சிஸ்டர் அடக்குறது?"

சிஸ்டர் எழுந்து குழந்தைகள் வார்டுக்கு நடந்தார். மாசிலாமணி பின்னாலேயே போனார்.

அங்கே நர்ஸ் ஒரு குழந்தைக்குப் பாலாடையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் குடித்ததும் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. நர்ஸின் கை நின்றது. "என்ன துரை, அவசரமில்லையோ?" என்றாள். குழந்தை விழுங்கி முடித்து வாயைத் திறந்தது. கை மறுபடி சாய்ந்தது. பாலாடை காலியானது. ஒரு சொட்டும் புரையேறவில்லை.

"அவளை நிறுத்தினது யாரு அண்ணே?" என்றார் சிஸ்டர்.

"யாரும் சொல்லலையே. குழந்தை வாயை மூடிச்சு."

"தொண்டை நிறைஞ்ச பிறகா?"

மாசிலாமணிக்குப் புரிந்துவிட்டது. திரும்பி ஏறக்குறைய ஓடினார்.

லைன் தாங்கும் அளவுக்குச் சற்றுக் கீழே ரூட்டரில் எல்லை வைத்தார். ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரோட்டை அகலமாக்கச் சொன்னால் போர்டுக்காரர் வேலி போடுகிறார் என்றார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

எல்லைக்கு மேல் வந்ததை ரூட்டர் ஏற்காமல் தள்ளிவிட்டது. போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும், எங்கோ இருந்து அனுப்பிய கம்ப்யூட்டர்கள் தாமாகவே கையை மெதுவாக்கின. லைன் நிரம்பாததால் அடிவாரத்துக் கூட்டம் கரைந்தது. நிற்க வேண்டியவை இப்போது மருத்துவமனையின் ரூட்டரில் நின்றன. அங்கே மாசிலாமணியின் வரிசை செல்லுபடியானது.

மீண்டும் பொம்மை. சொன்ன இடத்தில் ஊசி நின்றது. டாக்டர் கௌதமி தலையசைத்தார்.

மதியம் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். ஊசி இறங்கியது. பெரிய டாக்டர் மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஒரே சொல்.

"நிறுத்துங்க."

கௌதமியின் கை அங்கேயே நின்றது. குழலில் நீர் ஏறியது. நீலம் பாரித்திருந்த உதடு மெல்லச் சிவந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. ஜெனிட்டா அதைவிடப் பெரிதாக அழுதாள். வராந்தாவில் யாரோ கை தட்ட, வார்டு முழுவதும் தட்டியது. காலையில் சிரித்தவர்கள் மாசிலாமணியைத் தோளில் தூக்காத குறை.

சந்தடி அடங்கியதும் அவர் சிஸ்டரிடம் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. ஆனாலும் ஒரு குறை.

"எல்லாம் சரி சிஸ்டர். எல்லைக்கு மேல காலியா விட்ட இடம்தான் வீணாக் கிடக்கு. அதையும் திறந்து விட்டுடலாமா?"

சிஸ்டர் கண்ணாடி வழியே ஜெனிட்டாவின் மடியைப் பார்த்தார்.

"அந்த இடத்தாலதான் அண்ணே, 'நிறுத்துங்க' நேரத்துக்கு வந்துச்சு."